சுவரிலிருந்து தொடங்குங்கள்: போட்டி நீச்சலுக்குப் புதியவர்களுக்கு

25 மீட்டர் குளத்தில் 2,000 மீட்டர் நீந்தினால் 80 நீளம். ஒரு நாள் பயிற்சியில் 80 முறை சுவரிலிருந்து கிளம்புகிறீர்கள். வாரத்துக்கு 5 நாள் என்றால் 400 முறை. புதிதாக வருகிறவர்கள் கை வீச்சைப் பற்றிக் கேட்பார்கள், காலைப் பற்றிக் கேட்பார்கள், எந்த காகில்ஸ் (நீச்சல் கண்ணாடி) வாங்கலாம் என்று கேட்பார்கள். இந்த 400-ஐப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் சிறுவர்களுக்கும், பெரியவர்களான பிறகு போட்டிக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். யாராக இருந்தாலும் முதல் நாள் பாடம் சுவரில்தான்.

காரணம் இதுதான். டைவ் அடித்து நீருக்குள் இறங்கும்போதும், சுவரை உதைத்துக் கிளம்பும்போதும்தான் நாம் உச்ச வேகத்தில் போகிறோம். அதற்குப் பிறகு கையும் காலும் எவ்வளவு உழைத்தாலும் அந்த வேகம் திரும்ப வராது. கிடைத்த வேகத்தை எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரண்டு மடங்கானால் நீரின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் பலத்தைக் கூட்டி நேரத்தைக் குறைப்பதைவிட, தடையைக் குறைத்து நேரத்தைக் குறைப்பது புதியவருக்குச் சுலபம். பலன் சீக்கிரம் தெரியும்.

ஃப்ரீஸ்டைலில் (குப்புற இருந்து கைகளை மாற்றி மாற்றி வீசும் நீச்சல்) நிற்காமல் 100 மீட்டர் போக முடியும் என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். படிகளை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்தப் பார்த்தால் எதுவும் திருந்தாது. ஒரு படிக்கு ஒன்றிரண்டு வாரம் கொடுங்கள்.

படி 1: உதைத்துக் கிளம்புதல்

ஒரு புறங்கையின் மேல் இன்னொரு உள்ளங்கையை வையுங்கள். மேலே இருக்கும் கையின் பெருவிரலால் கீழ்க் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கைகளை நீட்டி, மேல் கைகள் காதுகளை அழுத்துமாறு, அல்லது காதுக்குச் சற்றுப் பின்னால் வருமாறு இறுக்குங்கள். தலை இரண்டு கைகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும், பார்வை குளத்தின் தரையில். வயிற்றை லேசாக உள்ளிழுத்து, கால் விரல்களை நீட்டிவிடுங்கள். இதுதான் ஸ்ட்ரீம்லைன். முதலில் தரையில் சுவரில் முதுகை ஒட்டி நின்று செய்து பாருங்கள். இடுப்பு வளைகிறதா, முழங்கை மடங்குகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் நீருக்குள். முழுவதும் மூழ்கிய பிறகு உதையுங்கள். நீர்மட்டத்தை ஒட்டி உதைத்தால் அலையிலேயே பாதி வேகம் போய்விடும். அரை மீட்டர் ஆழத்தில் போனால் போதும். காலும் கையும் அசைக்காமல் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். புதியவர்கள் பலர் முதல் நாளில் 4 மீட்டரில் நின்றுவிடுவார்கள். கை இறுக்கத்தையும் தலையையும் மட்டும் சரிசெய்தால், இரண்டு வாரத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி மேலே கட்டியிருக்கும் கொடிகளைத் தாண்டிவிடலாம். உடல் பலத்தில் ஒரு மாற்றமும் இருக்காது, தூரம் மட்டும் கூடியிருக்கும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதன்பிறகு சுவரை அலட்சியம் செய்வதில்லை.

சுவரை உதைத்ததில் கிடைத்த வேகம் குறைந்து நீந்தும் வேகத்துக்கு வரும் அந்த நொடியில் கால் உதைப்பைத் தொடங்க வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் கால்களே தடையாகும், தாமதித்தால் நின்ற வண்டியைத் தள்ளுவது மாதிரி ஆகிவிடும். வெளியே வந்ததும் முதல் கை வீச்சில் மூச்சு எடுக்காதீர்கள். தலையைத் திருப்பினால் சுவரில் கிடைத்த வேகம் அங்கேயே போய்விடும். இரண்டாவது வீச்சிலோ மூன்றாவது வீச்சிலோ எடுக்கலாம். சிறு விஷயம்தான், ஆனால் நான் பழகிய காலத்தில் இதைத் தவறாகப் பழகிவிட்டு மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

படி 2: தலையும் இடுப்பும்

தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும். நீரில் உடல் தராசு போன்றது. முன்னால் சுவரைப் பார்த்தபடி நீந்துகிறவரின் கால்கள் எப்போதும் மூழ்கியே இருக்கும், அவர் எவ்வளவு உதைத்தாலும் சரி. பார்வையை நேர் கீழே, அல்லது சற்று முன்னால், தரைக் கோட்டில் வையுங்கள். மார்பை லேசாக நீருக்குள் அழுத்துங்கள். இடுப்பு தானாக மேலே வரும்.

மூச்சில்தான் பெரும்பாலானவர்களின் உடல் வரிசை கலைகிறது. இரண்டு தவறுகள். ஒன்று, நீருக்குள் மூச்சை அடக்கிவைத்து, தலையை வெளியே எடுத்த பிறகு விட்டு, பிறகு இழுப்பது. அவ்வளவு நேரம் கிடையாது. முகம் நீருக்குள் இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் தொடர்ந்து காற்றை விடுங்கள். வெளியே வரும்போது இழுக்கிற வேலை மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும். இன்னொன்று, தலையைத் தூக்குவது. தூக்கக் கூடாது, உடல் உருளும்போது கூடவே திருப்ப வேண்டும். ஒரு கண்ணாடி நீருக்குள், ஒரு கண்ணாடி வெளியே. அவ்வளவு போதும். நீங்கள் நகரும்போது தலை ஒதுக்கிய நீரால் வாய்க்கு அருகே ஒரு பள்ளம் உண்டாகும், அதில் காற்று கிடைக்கும்.

பயிற்சியில் மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு எடுத்துப் பழகுங்கள், இரண்டு பக்கமும் சமமாகும். போட்டியில் இரண்டு வீச்சுக்கு ஒரு மூச்சு எடுத்தால் தப்பில்லை. 200 மீட்டருக்கு மேல் உடலுக்கு அந்தக் காற்று தேவை.

படி 3: கையால் நீரைப் பிடிப்பது

சொல்லிக்கொடுப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கையால் நீரைப் 'பின்னால் தள்ளுகிறோம்' என்று நினைக்கிறோம். சரியாக நீந்துகிறவர்கள் சொல்வது வேறு. முன்னால் ஓர் இடத்தில் நீரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிடியைத் தாண்டி உடலை முன்னே நகர்த்துகிறார்கள். ஏணியில் ஏறும்போது படியைப் பிடித்து உடலைத் தூக்குகிறோமே, அது மாதிரி.

பிடிக்க வேண்டுமென்றால் உள்ளங்கை மட்டும் போதாது, முன்கை முழுவதும் துடுப்பாக வேண்டும். கை தோளுக்கு நேராக நீரில் நுழைய வேண்டும். தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போனால் உடல் பாம்பு போல நெளியும். விரல் நுனிகள் முதலில் நுழையட்டும். பெருவிரல் முதலில் இறங்கும்படி கையைத் திருகாதீர்கள், தோளுக்குச் சுமை கூடும். நீட்டிய பிறகு, முழங்கையை உயரத்திலேயே விட்டுவிட்டு, விரல்களைத் தரையை நோக்கிச் சாயுங்கள். முன்கை செங்குத்தானதும் பின்னால் இழுங்கள். தொடை வரை. முழங்கை முதலில் கீழே விழுந்துவிட்டால் கை நீரைப் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும்.

இதை உணர மூன்று டிரில்கள் (ஒரு அசைவை மட்டும் தனியாகப் பழகும் பயிற்சிகள்) போதும்.

விரல்களை மூடி, முஷ்டியால் 25 மீட்டர் நீந்துங்கள். உள்ளங்கை இல்லாததால் முன்கையால் பிடிக்க வேண்டிய கட்டாயம் வரும். உடனே அடுத்த 25 மீட்டரை விரல் திறந்து நீந்துங்கள். கைக்குள் ஒரு பலகை வைத்தது மாதிரி இருக்கும்.

குப்புற மிதந்தபடி, கைகளை முன்னால் நீட்டி, முன்கைகளை மட்டும் உள்ளும் வெளியுமாக அசைத்து மெதுவாக நகருங்கள். பார்க்க வேலையில்லாதது போலத் தெரியும், ஆனால் நீரின் அழுத்தம் கையில் எங்கே விழுகிறது என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தர எதுவும் இல்லை.

மூன்றாவது, ஒரு கை முன்னால், ஒரு கை தொடையருகே, பக்கவாட்டில் சாய்ந்து ஆறு முறை உதைத்துவிட்டு ஒரு வீச்சில் பக்கம் மாறுவது. உடல் இடுப்பிலிருந்து உருள வேண்டும் என்பது இதில் புரியும். தோள் மட்டும் உருண்டால் இந்த டிரிலில் கவிழ்ந்துவிடுவீர்கள்.

பேடில் (உள்ளங்கையில் மாட்டும் தட்டு) போட்டுக்கொண்டு இழுக்க ஆரம்பிக்காதீர்கள். தவறான இழுப்புக்குப் பெரிய துடுப்பைக் கொடுத்தால் தோள்தான் பாதிக்கும். முதல் ஆறு மாதம் தேவையே இல்லை என்பது என் கருத்து.

கால்

இடுப்பிலிருந்து உதைக்க வேண்டும், முழங்காலிலிருந்து அல்ல. கணுக்கால் தளர்ந்து, பாதம் பின்னோக்கி நீண்டிருக்க வேண்டும். உதைத்தும் நகராதவர்களுக்குப் பெரும்பாலும் கணுக்கால் விறைப்புதான் காரணம். தினமும் 2 நிமிடம் குதிகால்மேல் உட்கார்ந்து பாதத்தை நீட்டிப் பழகினால் மெல்ல இளகும். கிக் போர்டில் (கையால் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகை) தலையைத் தூக்கியபடியே உதைத்தால் இடுப்பு கீழே போகிற பழக்கம் வந்துவிடும். பாதி உதைப்பை மல்லாந்து ஸ்ட்ரீம்லைனில் செய்யுங்கள்.

படி 4: எண்ணுங்கள்

ஒவ்வொரு நீளத்துக்கும் எத்தனை வீச்சு? இதற்குப் பதில் தெரியாமல் நீந்துகிறவருக்குத் தான் முன்னேறுகிறோமா என்பதும் தெரியாது. ஒரு எளிய முறை இருக்கிறது. 50 மீட்டர் நீந்துங்கள். ஆன விநாடியையும் இரண்டு கைகளின் வீச்சு எண்ணிக்கையையும் கூட்டுங்கள். 45 விநாடி, 44 வீச்சு என்றால் 89. அடுத்த முறை 44 விநாடி, 43 வீச்சு வந்தால் 87. இரண்டும் குறைந்தால் நிச்சயமாகத் தேறியிருக்கிறீர்கள். விநாடி குறைந்து வீச்சு கூடியிருந்தால் பலத்தைச் செலவழித்து வேகம் வாங்கியிருக்கிறீர்கள். வீச்சை மட்டும் குறைக்கிறேன் என்று ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவில் நிறுத்தி வழுக்கினால் விநாடி ஏறிவிடும், கணக்கு அதையும் காட்டிக்கொடுக்கும்.

ரஷ்ய நீச்சல் வீரர் அலெக்சாண்டர் போபோவ் 1992-லும் 1996-லும் ஒலிம்பிக்கில் 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இரண்டிலும் தங்கம் வென்றார். அவருடைய நீண்ட, அவசரமில்லாத வீச்சைப் பழைய ஒளிப்பதிவுகளில் பாருங்கள். பக்கத்து லேனில் இருப்பவர்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்க, அவர் சறுக்கிக்கொண்டு போவார்.

எண்ணுகிற பழக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை (இரண்டு கைகளையும் ஒன்றாக வீசும் நீச்சல்) இறுதிச் சுற்றில் அமெரிக்க வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் காகில்ஸில் தண்ணீர் நிறைந்துவிட்டது. சுவர் தெரியவில்லை. ஒரு நீளத்துக்குத் தனக்கு எத்தனை வீச்சு என்பது அவருக்குத் தெரியும். எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டார். 1:52.03, அன்றைய உலக சாதனை. கண் இல்லாத இடத்தில் பயிற்சிக் கணக்கு கைகொடுத்தது.

படி 5: திரும்புவதும் தொடுவதும்

குட்டிக்கரணத் திருப்பத்தை முதலில் குளத்தின் நடுவில், சுவர் இல்லாமல் பழகுங்கள். இரண்டு கைகளும் தொடையருகே இருக்க, தாடையை மார்பில் ஒட்டி, முழங்கால்களை மடக்கிச் சுருண்டு உருளுங்கள். மூக்கால் காற்றை விட்டுக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஏறாது. பிறகு சுவர். தரையில் இருக்கும் கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்னால் ஒரு குறுக்குக் கோட்டில் முடியும். அதைப் பார்த்துத்தான் கடைசி வீச்சைத் தீர்மானிக்க வேண்டும், தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்து அல்ல. பாதம் சுவரில் பதிந்ததும் மல்லாந்த நிலையிலேயே உதைத்துவிட்டு, போகும்போது குப்புறத் திரும்புங்கள். சுவரிலேயே முழுவதும் திரும்பிவிட்டு உதைப்பது நேரத்தை விழுங்கும்.

கொடியிலிருந்து சுவர் வரை மூச்சு எடுக்காமல் வரப் பழகுங்கள். பேக் ஸ்ட்ரோக்கில் (மல்லாந்து நீந்துவது) கொடியிலிருந்து சுவருக்கு உங்களுக்கு எத்தனை வீச்சு என்று எண்ணி வையுங்கள். வேகமாக நீந்தும்போது அந்த எண் மாறும், அதையும் தனியாக எண்ண வேண்டும்.

முடிவில் வழுக்கிக்கொண்டு போய்த் தொடாதீர்கள். அதே 2008-ல் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் செர்பிய வீரர் மிலோராட் சாவிச் கடைசியில் கையை நீட்டி வழுக்கினார். ஃபெல்ப்ஸ் இன்னும் ஒரு அரை வீச்சு அடித்தார். 50.58-க்கு 50.59. நூற்றில் ஒரு விநாடியில் தங்கம் கை மாறியது. பயிற்சியில் களைத்துப்போய், கடைசி நீளத்தில் சுவருக்கு ஒரு மீட்டர் முன்பே நீந்துவதை நிறுத்துகிறீர்களா? போட்டியிலும் அதுதான் வரும்.

படி 6: தகுதியிழக்காமல் இருக்க

சிறுவர்கள் நன்றாக நீந்திவிட்டு ஒரு தொடுதலால் தகுதியிழந்து அழுவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்குவதில்லை. விதிகளைப் பயிற்சியிலேயே உடலுக்குப் பழக்கிவிட்டால் இது நடக்காது.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் (தவளை போல உதைத்து நீந்துவது) பட்டர்ஃபிளையிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவிலும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று விலகித் தொட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தொடக் கூடாது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் சுவரை விட்டுக் கிளம்பியதும், முதல் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதைக்கு முன் ஒரே ஒரு டால்ஃபின் உதைக்கு (இரண்டு கால்களையும் சேர்த்து அடிப்பது) மட்டும் அனுமதி. மற்ற மூன்று நீச்சல்களிலும் கிளம்பிய பிறகும் திரும்பிய பிறகும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும். லேன் கயிற்றில் அந்த இடம் நிறம் மாற்றிக் காட்டியிருக்கும். பேக் ஸ்ட்ரோக்கை மல்லாந்தே முடிக்க வேண்டும். தனிநபர் மெட்லியில் (ஒருவரே நான்கு வகையையும் நீந்தும் போட்டி) வரிசை பட்டர்ஃபிளை, பேக், பிரெஸ்ட், ஃப்ரீஸ்டைல். ஸ்டார்ட்டில், சைகைக்கு முன் கிளம்பினால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

பயிற்சியில் "இப்போதைக்கு ஒரு கையால் தொட்டுக்கொள்கிறேன்" என்பதை அனுமதிக்கவே கூடாது. கூச்சலும் படபடப்பும் உள்ள இடத்தில் மூளை யோசிக்காது, பழகிய கைதான் போகும்.

படி 7: ஒரு நாள் பயிற்சி எப்படி இருக்கும்

1,500 மீட்டர் நாள் ஒன்றைச் சொல்கிறேன். 300 மீட்டர் மெதுவான வார்ம்-அப். 8 முறை 25 மீட்டர் டிரில், அந்த வாரம் எந்தப் படியில் இருக்கிறீர்களோ அதற்கானது. 8 முறை 50 மீட்டர், ஒரே சீரான வேகத்தில், வீச்சை எண்ணிக்கொண்டு, நடுவே 20 விநாடி ஓய்வு. 6 முறை 50 மீட்டர் உதைப்பு. 4 முறை 25 மீட்டர் முழு வேகம், ஒவ்வொன்றுக்கும் பின் முழு ஓய்வு. கடைசியில் 200 மீட்டர் மெதுவாக. இந்தக் கடைசி 200-ஐ வெட்டிவிட்டுக் கரையேறுவது பொதுவான பழக்கம். வெட்டாதீர்கள். உடல் தணிய அது வேண்டும், தவிர களைத்த நிலையில் அழகாக நீந்தப் பழகுவது அங்கேதான்.

டெக்னிக் கலைய ஆரம்பித்தால் வேகத்தைக் குறையுங்கள், அல்லது ஓய்வைக் கூட்டுங்கள். கலைந்த வடிவத்தில் நீந்தும் ஒவ்வொரு மீட்டரும் அந்தக் கலைந்த வடிவத்துக்கான பயிற்சி. அன்றைய மீட்டர் கணக்கு குறைந்தால் குறையட்டும்.

சுவரில் இருக்கும் பேஸ் கிளாக்கை (விநாடி முள் ஓடும் பெரிய கடிகாரம்) படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முள் 60-ல் இருக்கும்போது கிளம்பி, 48-ல் தொட்டால் 48 விநாடி. உங்கள் நேரத்தை நீங்களே எடுக்கப் பழகினால் பயிற்சியாளர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே லேனில் பலர் இருந்தால் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாக வாருங்கள், முன்னால் போகிறவருக்கு 5 அல்லது 10 விநாடி இடைவெளி விடுங்கள், நிற்பதானால் மூலையில் ஒதுங்கி நில்லுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீருக்குள் மூச்சடக்கிப் போகும் பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள். வேகவேகமாகப் பல முறை மூச்சு இழுத்துவிட்டு மூழ்குவது மிகவும் ஆபத்து. உடலில் கரியமில வாயு குறைந்துவிடுவதால் மூச்சுத் திணறல் உணர்வே வராமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இதில் உயிர் விட்டிருக்கிறார்கள்.

தோளைப் பற்றி இரண்டு வார்த்தை. தசை களைப்பும் மூட்டு வலியும் வேறு வேறு. கையைத் தூக்கும்போது தோள் மூட்டின் முன்பக்கம் குத்தினால் அன்றைக்கு இழுப்பை நிறுத்தி உதைப்பு மட்டும் செய்யுங்கள். சில நாளில் போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். தூரத்தைத் திடீரென்று இரட்டிப்பாக்காதீர்கள். நீருக்குள்ளும் வியர்க்கும், அதனால் குளத்தோரம் தண்ணீர் பாட்டில் வைத்திருங்கள்.

படி 8: போட்டி நாள்

புதிய காகில்ஸ், புதிய உடை எதையும் அன்றைக்கு முதல்முறையாகப் போடாதீர்கள். காகில்ஸ் இரண்டு கொண்டுபோங்கள். அதன் பட்டையின் மேல் தொப்பியைப் போட்டால் டைவில் கழன்றுவிடுகிற வாய்ப்பு குறையும். வார்ம்-அப்பில் அந்தக் குளத்தின் கொடியிலிருந்து சுவருக்கு எத்தனை வீச்சு, சுவர் வழுக்குகிறதா, ஸ்டார்டிங் பிளாக் எவ்வளவு சாய்வு என்று பார்த்துவையுங்கள்.

நீண்ட விசில் கேட்டதும் பிளாக்கில் ஏறுங்கள். தயார் நிலைக்கு அழைத்ததும் குனிந்து அசையாமல் நில்லுங்கள். காதை மட்டும் திறந்து வையுங்கள், பக்கத்து லேனைப் பார்த்துக் கிளம்ப வேண்டாம். 100 மீட்டர் என்றால் முதல் 25 மீட்டரில் உற்சாகம் இழுத்துக்கொண்டு போகும், அங்கேதான் புதியவர்கள் எல்லாவற்றையும் செலவழித்துவிடுகிறார்கள். முதல் பாதியை நீண்ட வீச்சில், மூன்றாவது 25-ஐ வேண்டுமென்றே அழுத்தி நீந்துங்கள். எல்லோரும் தளர்கிற இடம் அது. மூன்று திருப்பங்களிலும் ஸ்ட்ரீம்லைன், முதல் வீச்சில் மூச்சு இல்லை. மனத்தில் வைத்துக்கொள்ள இவ்வளவு போதும்.

முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடாமல் 200 மீட்டராவது மெதுவாக நீந்துங்கள். கரைக்கு வந்ததும், நேரம் பலகையில் இருந்து மறைவதற்குள், மறக்காமல் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மொத்த நேரம், முதல் 50-க்கும் இரண்டாவது 50-க்கும் தனித்தனி நேரம், எந்தச் சுவரில் ஸ்ட்ரீம்லைன் தளர்ந்தது. திங்கட்கிழமை குளத்தில் இறங்கும்போது முதலில் அந்தச் சுவருக்குப் போங்கள்.